மஞ்சள் கூடா, வெள்ளைக் கூடா? பட்டுப்புழுவின் பரம்பரைக் கணக்கு



காஞ்சிபுரத்தில் படிக்கிறோம். நம்மில் பலர் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் ஒரு பட்டுக்கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இங்கே நாம் நெய்வதோடு சரி. புழு வளர்ப்பதெல்லாம் கிருஷ்ணகிரி, தருமபுரி, கர்நாடகப் பக்கம். நூல் மட்டும்தான் நம் ஊருக்கு வருகிறது. அந்த நூலுக்குப் பின்னால் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. அதை நம் பாடப்புத்தக நிகழ்தகவை வைத்தே போட்டுவிடலாம்.

கர்நாடகத்தின் பழைய இனமான 'பியூர் மைசூர்' பச்சை கலந்த மஞ்சள் கூடு கட்டும். வருடம் முழுக்க வளரும், வெயிலைத் தாங்கும். ஆனால் ஒரு கூட்டில் கிடைக்கும் இழை 400 மீட்டர் அளவுதான். குளிர்நாட்டு வழி வந்த இனங்கள் வெள்ளைக் கூடு கட்டும். அவற்றின் நல்ல கலப்பினங்களில் இழை 1000 மீட்டரைத் தொடும். ஆனால் அவை கொஞ்சம் செல்லம். பராமரிப்பு அதிகம் வேண்டும். ஆகவே மைசூர் தாய்க்கும் வெள்ளைத் தகப்பனுக்கும் கலப்பு செய்தார்கள். பிள்ளைகள் என்ன நிறத்தில் கூடு கட்டும்?

இதை என் தாத்தாவிடம் கேட்டேன். அறுபது வருடம் தறியில் உட்கார்ந்தவர். "இதுல என்னடா இருக்கு? பாவு மஞ்சள், ஊடை வெள்ளை போட்டா துணி இளமஞ்சளாத்தானே தெரியும்? அது மாதிரிதான் வரும்" என்றார்.

பதில் ஓரளவு சரி. கூடுகள் எல்லாமே மஞ்சள்தான், நிறம் சற்று வெளிறியிருக்கலாம். ஆனால் அவர் சொன்ன உவமை, அவருக்கே தெரியாமல், இன்னும் ஆழமான ஒன்றைச் சொல்லிவிட்டது. சாயத்தொட்டியில் இரண்டு நிறத்தைக் கலந்தால் மறுபடி பிரிக்க முடியாது. பாவையும் ஊடையையும் பிரித்தெடுத்தால் மஞ்சள் நூல் மஞ்சளாகவே இருக்கும், வெள்ளை நூல் வெள்ளையாகவே இருக்கும். பரம்பரை என்பது சாயத்தொட்டி அல்ல, நெய்த துணி. மெண்டல் 1866-ல் பட்டாணிச் செடியை வைத்து எழுதியது இதைத்தான். பட்டுப்புழுவில் அதை நிரூபித்தவர் ஜப்பானைச் சேர்ந்த தோயாமா கமேதாரோ. சயாம் நாட்டில் வேலை பார்த்தபோது செய்த கலப்புகளை வைத்து 1906-ல் ஆய்வை வெளியிட்டார்.

கணக்குக்கு வருவோம். மஞ்சள் காரணியை 'ம' என்றும், அது இல்லாததை 'வ' என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புழுவிடமும் இரண்டு இருக்கும்: தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. மைசூர் 'மம', வெள்ளை இனம் 'வவ'. பிள்ளைகள் அத்தனையும் 'மவ'. ஒரு 'ம' இருந்தாலே கூடு மஞ்சள்தான்.

இனி 'மவ'வையும் 'மவ'வையும் சேர்த்தால்? தாயம் ஆடத் தேய்த்து வைத்திருக்கும் புளியங்கொட்டைகளில் இரண்டை எடுங்கள். தேய்த்த வெள்ளைப் பக்கம் 'வ', தேய்க்காத பக்கம் 'ம'. ஒரு கொட்டை தாய், ஒன்று தகப்பன். உருட்டுங்கள். இரண்டும் வெள்ளையாக விழுந்தால்தான் வெள்ளைக் கூடு. அதற்கு வாய்ப்பு அரையில் அரை, அதாவது கால். ஆகவே மூன்று மஞ்சளுக்கு ஒரு வெள்ளை. எட்டு தடவை உருட்டினால் இந்தக் கணக்கு வராமல் போகலாம். ஐந்து வெள்ளைகூட விழலாம். பொறுமையாக 400 தடவை உருட்டிப் பாருங்கள், 100-ஐ ஒட்டி வந்து நிற்கும். பட்டுப்பூச்சி ஒரே தடவையில் 400, 500 முட்டை போடுவதால்தான் தோயாமாவுக்கு விகிதம் இவ்வளவு தெளிவாகக் கிடைத்தது என்பது என் எண்ணம்.

"பசை எடுக்கிறப்பவே மஞ்சள் போயிடுதே, அப்புறம் எதுக்கு இந்த ஆராய்ச்சி?" என்று சாயப்பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கேட்பீர்கள். உண்மைதான். மஞ்சள் நிறம் பெரும்பாலும் மேலே உள்ள செரிசின் என்ற பசையில் இருக்கிறது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவிட்டால் பசையோடு அதுவும் போய்விடும். ஆனால் கூட்டின் நிறம் ஒரு கொடி மாதிரி. உள்ளே நடப்பதைக் காட்டிக்கொடுக்கும். கலப்பினம் வளர்க்கும் விவசாயி, "நல்ல கூடாத்தானே இருக்கு, இதிலேயே முட்டை எடுத்துக்கலாம், காசு மிச்சம்" என்று நினைத்தால், அடுத்த தலைமுறையில் மஞ்சளும் வெள்ளையும் பிரிந்து வரும். நிறம் மட்டுமா பிரியும்? கூட்டின் அளவு, இழை நீளம், இழை கனம், எல்லாமே கலைந்து போகும். நூற்பவர் விலையைக் குறைப்பார். அந்த நூல் ஏற்ற இறக்கமாக வந்து நம் வீட்டுத் தறியில் அறுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வித்தகத்திலிருந்து புது முட்டை வாங்க வேண்டும். அங்கே தாய்ப்பூச்சியை அரைத்து மைக்ராஸ்கோப்பில் நோய் பார்ப்பதும் உண்டு. மைசூர் கலப்பினத்தில் ஒரு வெள்ளைக் கூடு தட்டுப்பட்டாலும், முட்டை கலந்துவிட்டது அல்லது தாய் இனம் சுத்தமில்லை என்று சந்தேகப்படலாம்.

இப்போதுதான் கதையில் திருப்பம்! சில ஐரோப்பிய வெள்ளை இனங்களை மஞ்சளோடு சேர்த்தபோது பிள்ளைகள் அத்தனையும் வெள்ளை! மெண்டல் பொய்யா? இல்லை. மஞ்சள் நிறம் மல்பெரி இலையிலிருந்து வருவது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே கரோட்டினாய்டு வகை. அது கூட்டுக்கு வர, குடல் சுவர், ரத்தம், பட்டுச் சுரப்பி என்று வரிசையாகக் கதவுகளைத் தாண்டவேண்டும். நம் 'ம' குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் கதவைத் திறப்பது. ஐரோப்பிய வெள்ளையில் வேறொரு காரணி முதல் கதவையே பூட்டிவிடுகிறது. அதைத் 'த' என்போம், பூட்டாதது 'ந'. ஒரே ஒரு 'த' இருந்தாலும் பூட்டுதான்.

'ததவவ' வெள்ளையையும் 'நநமம' மஞ்சளையும் சேர்த்தால் பிள்ளைகள் 'தநமவ', எல்லாம் வெள்ளை. அவற்றுக்குள் சேர்த்தால், மஞ்சள் வர இரண்டு நிபந்தனை: 'நந' வேண்டும், அதற்கு வாய்ப்பு 1/4, குறைந்தது ஒரு 'ம' வேண்டும், அதற்கு 3/4. பெருக்கினால் 3/16. ஆக 13 வெள்ளைக்கு 3 மஞ்சள். இரண்டு வெள்ளைக் கூடுகளை அருகருகே வைத்தால் நம் கண்ணுக்கு ஒன்றுதான். ஒன்றில் மஞ்சள் இல்லவே இல்லை, இன்னொன்றில் மஞ்சள் பூட்டிக் கிடக்கலாம். எது எது என்று பிள்ளைகளை எண்ணினால்தான் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. பட்டுப்பூச்சியில் ஆணையும் பெண்ணையும் பிரிப்பது பெரிய வேலை. ஒரே இனத்துக்குள் சேர்ந்துவிட்டால் கலப்பினமே கிடைக்காது. ஆகவே ஜப்பானில் மஞ்சள் காரணியைப் பெண்ணுக்கு மட்டுமே உள்ள குரோமோசோமில் ஒட்டவைத்த இனங்களை உருவாக்கினார்கள். பெண் மஞ்சள் கூடு, ஆண் வெள்ளைக் கூடு. கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன 'தநமவ' வெள்ளையை 'நநவவ' வெள்ளையோடு சேர்க்கிறோம். தாய் தகப்பன் இரண்டுமே வெள்ளை. 400 கூடு கிடைத்தால் மஞ்சள் எத்தனை எதிர்பார்க்கலாம்? புளியங்கொட்டை இரண்டு போதும். விடை 100, ஏன் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.