இரைப்பை அமிலம் குறைந்தால் என்ன செய்வது?

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பகுதிகளிலிருந்து சிகிச்சைக்கு வருவோரிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு, “வயிறு உப்புசமாக இருக்கிறது, கேஸ் தொல்லை” என்பதாகும். இவர்களுள் பலர் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி ஆண்டுக்கணக்கில் உட்கொள்கின்றனர். அமிலம் மிகுந்தால் துன்பம் என்பதை அறிந்த நாம், அது குறைந்தாலும் தீங்குண்டு என்பதை எண்ணுவதில்லை.

அமிலத்தின் பணிகள்

இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் புரதச் செரிமானத்தைத் தொடங்கி வைக்கிறது. உணவிலுள்ள இரும்புச்சத்தும் வைட்டமின் பி12உம் உடலில் சேர உதவுகிறது. உணவோடும் நீரோடும் புகும் கிருமிகளை அழிக்கிறது. 1992ஆம் ஆண்டில் சென்னையில் ஓ139 என்னும் புதிய வகைக் காலரா தோன்றியதைப் பலர் மறந்திருக்கலாம். காலராக் கிருமி அமிலத்தில் எளிதில் மடியக்கூடியது. ஆகவே, அமிலம் குறைந்தவரைச் சிறு எண்ணிக்கையிலான கிருமிகளே நோயில் வீழ்த்திவிடும்.

காரணங்கள்

நெடுநாள் நீடிக்கும் எச். பைலோரி கிருமித்தொற்று, உடலின் எதிர்ப்பாற்றலே இரைப்பைச் சுவரைத் தாக்கும் நோய், இரைப்பை அறுவை சிகிச்சை, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளின் நீண்டகாலப் பயன்பாடு ஆகியவை முதன்மையானவை.

அறிவது எவ்வாறு?

உப்புசத்தையும் ஏப்பத்தையும் மட்டும் கொண்டு இக்குறையை உறுதிசெய்ய இயலாது. சமையல் சோடாவைக் கரைத்துக் குடித்து, ஏப்பம் வரும் நேரத்தைக் கணக்கிடும் முறையும் நம்பத்தக்கதன்று. நீங்காத சோர்வு, இரும்புச்சத்து மாத்திரைக்கும் தேறாத இரத்தசோகை, நாக்கு எரிச்சல், கால்கள் மரத்துப்போதல் ஆகியவை இருப்பின், இரத்தப் பரிசோதனையும் தேவையெனில் எண்டோஸ்கோப்பியும் காரணத்தைக் காட்டும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்வோருக்கும் பி12 குறையக்கூடும் என்பதால், அவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

- உணவைச் சிறிது சிறிதாக, நன்கு மென்று உண்ணுங்கள்.
- கீரை, பயறு வகைகளோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேருங்கள்; அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை ஏற்க உதவும். உணவோடு தேநீர், காப்பி அருந்துவதைத் தவிருங்கள்.
- நம் கடற்கரையில் கிடைக்கும் மத்தி, நெத்திலி ஆகியவற்றில் பி12 மிகுதி. சைவ உணவினருக்குப் பாலும் தயிரும் ஓரளவு உதவும். குறைபாடு உறுதியானால் மாத்திரையோ ஊசியோ தேவைப்படும்.
- நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். மீனையும் நண்டையும் முழுதும் வேகவைத்து உண்ணுங்கள்.

வினிகர் குடித்தல் அமிலச் சுரப்பை மீட்டுத் தராது. பல்லின் எனாமலை அரிக்கவும், புண்ணுள்ள இரைப்பையை வருத்தவும் கூடும்.

ஓர் எச்சரிக்கை

இக்கட்டுரையைப் படித்தவுடன் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் மிகுந்து சுரக்கலாம். இதய நோய்க்கு ஆஸ்பிரின் உட்கொள்ளும் சிலருக்கு அம்மாத்திரையே குடற்புண் இரத்தக்கசிவைத் தடுக்கும் காவலாகும். எனவே, அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவந்து, “இது எனக்கு இன்னும் தேவையா?” என மருத்துவரிடம் கேளுங்கள்.

கருநிற மலம், இரத்த வாந்தி, விழுங்குவதில் தடை, காரணமற்ற எடைக்குறைவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு வாருங்கள்.