கோபுரச் சிற்பம் மங்கலாக விழுகிறதா?

காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரம் 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. உயரம் சுமார் 190 அடி. அதன் உச்சிச் சிற்பங்களை 70–300 மி.மீ. ஜூம் லென்ஸில் எடுத்து, படம் மசமசவென்று வந்தால், பலரும் லென்ஸைத்தான் திட்டுகிறார்கள்.

முதலில் அதைச் சோதிக்கலாம். பட்டுச் சேலையின் ஜரிகைக் கரையை வெளிச்சத்தில் தொங்கவிட்டு, பத்தடி தள்ளி, கேமராவை ஸ்டாண்டில் வைத்து டைமரில் எடுக்க வேண்டும். இழை இழையாகத் தெரிந்தால் லென்ஸ் நல்ல லென்ஸ்.

அப்படியானால் சிக்கல் வெளியே. உச்சிவெயிலில் தரையிலிருந்து எழும் அனல் காட்சியையே நெளியவைக்கும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் அதற்கு ஈடுகொடுக்காது. விடிந்ததும் போவதே வழி. கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் வேகம் 1/500 நொடி இருக்கட்டும். மலிவான ஃபில்டரைக் கழற்றிவிடலாம்.

ஜரிகையும் மங்கலா? டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி இழைபோல் படர்ந்திருந்தால் பூஞ்சை. பழுதுபார்ப்பவர்தான் கழற்ற வேண்டும்.