துப்பாக்கியின் பூர்வீகம்: ஓர் இளம் ஆய்வாளருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பழைய போலீஸ் ஸ்னைப்பர் துப்பாக்கி ஒன்றின் பூர்வீகத்தைத் தேடி எழுதும் வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறாய். நீ தேர்ந்தெடுத்திருக்கும் என்ஃபீல்டு என்ஃபோர்சரைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதியதாகத் தெரியவில்லை. ஆனால் அதன் குடும்பம் நமக்குப் பழக்கமானதுதான். காவல் நிலைய வாசலில் நிற்கும் பாராக்காரரின் தோளில் பல தலைமுறைகள் பார்த்த ‘த்ரீ நாட் த்ரீ’யின் வாரிசு அது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு நான்காம் எண் துப்பாக்கியின் போல்ட் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் 7.62 மி.மீ. கனத்த குழலைப் பொருத்தி, வேட்டைத் துப்பாக்கிக்கு உரிய கன்னம் தாங்கும் கட்டையும் பெக்கார் ஸ்கோப்பும் சேர்த்து, 1970களில் பிரிட்டிஷ் போலீஸுக்காகச் செய்தது. மொத்தம் 767 என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எண்ணிக்கை குறைவு, பெயர் பெரிது. சேகரிப்பாளர்கள் அதைத் தேடுவதற்கும், அதைச் சுற்றிக் கதைகள் முளைப்பதற்கும் அதுவே காரணம்.

இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் வலியுறுத்தப் போகிறேன். கதையிலிருந்து தொடங்கி இரும்புக்கு வராதே. இரும்பிலிருந்து தொடங்கி, சான்று எங்கே நிற்கிறதோ அங்கே நீயும் நின்றுவிடு. கேட்க எளிதாக இருக்கும். நடைமுறையில் இந்தத் துறையில் கிட்டத்தட்ட எல்லோரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். ‘இது இன்ன முற்றுகையில் இருந்த துப்பாக்கி’ என்ற வாக்கியம் முதலில் வந்துவிடுகிறது. பிறகு அதற்கு ஒத்துவரும் குறிகளைத் துப்பாக்கியில் தேடுகிறார்கள். தேடுபவனுக்கு ஒத்துவரும் குறி கிடைக்காமல் போவதே இல்லை. ஒத்துவராத குறியைத்தான் அவன் கண் தாண்டிப் போய்விடுகிறது.

இரும்பு எவ்வளவு பேசும் என்பதை என்ஃபோர்சரின் அண்ணன்மாரிடம் கற்றுக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரின்போது பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) தொழிற்சாலையில் துல்லியமாகச் சுட்ட நான்காம் எண் துப்பாக்கிகளைப் பொறுக்கி ‘டிஆர்’ என்று முத்திரையிட்டார்கள். அவற்றை லண்டனின் புகழ்பெற்ற ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் ஸ்னைப்பர் துப்பாக்கியாக மாற்றியது. மாற்றி முடித்ததும் உடலின் இடப்பக்கம் ‘டி’ என்ற எழுத்து ஏறியது. கட்டையின் அடியில் அந்த நிறுவனத்தின் போர்க்காலக் குறியான ‘எஸ்51’ பதிந்தது. ஸ்கோப்பின் எண்ணைக் கட்டையின் கழுத்தில் அடித்தார்கள். துப்பாக்கியின் எண்ணை ஸ்கோப் தாங்கியில் அடித்தார்கள். ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்படி அன்றே கட்டிவைத்த அமைப்பு இது. போலி செய்கிறவன் சாதாரணத் துப்பாக்கியில் தாங்கியைத் திருகிவிடலாம். ஆனால் ‘டிஆர்’ இல்லாத ‘டி’, தாங்கியில் ஓர் எண்ணும் உடலில் வேறோர் எண்ணும், பழைய பூச்சின்மேல் புதிதாக வெட்டிய எழுத்தின் கூர்மையான விளிம்பு என்று ஏதாவது ஓரிடத்தில் அவன் மாட்டிக்கொள்கிறான். பூதக்கண்ணாடியை வைத்து அந்த எழுத்தின் விளிம்பை மட்டும் பார். எழுத்து பொறித்த பிறகு பூச்சு ஏறியிருந்தால் பள்ளத்தின் உள்ளேயும் அதே கறுப்பு இறங்கியிருக்கும். பூச்சுக்குப் பிறகு பொறித்திருந்தால் விளிம்பில் பூச்சு உடைந்து, பள்ளத்தில் உலோகத்தின் வெண்மையோ, அதை மறைக்கத் தடவிய மையின் வேறு நிறமோ தெரியும். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் நடக்கும் விஷயம் இது. பத்துப் பக்கக் கதையைவிட நான் இதை நம்புவேன்.

என்ஃபோர்சரிடம் வரும்போது நிலைமை கடினமாகிறது. ராணுவ ஸ்னைப்பரான எல்42ஏ1, ராணுவப் போட்டிகளுக்கான எல்39ஏ1, பொதுச் சந்தையில் விற்ற என்வாய் ஆகிய மூன்றும் அதன் உடன்பிறப்புகள். உடலும் குழலும் ஒரே குடும்பம். கட்டையையும் ஸ்கோப்பையும் மாற்றினால் தம்பி அண்ணனாகிவிடுவான். அதனால் ‘பார்க்க என்ஃபோர்சர் மாதிரி இருக்கிறது’ என்பது சான்றே அல்ல. வரிசை எண், உடலில் உள்ள பெயர்ப் பொறிப்பு, சோதனைச்சாலை முத்திரைகள் மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரிட்டனில் பொதுச் சந்தையில் விற்கப்படும் துப்பாக்கி லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச்சாலையில் அழுத்தச் சோதனைக்கு உட்பட்டு முத்திரை பெற வேண்டும் என்பது சட்டம். ஆகவே அந்த முத்திரை வெறும் தரச்சான்று மட்டுமல்ல. துப்பாக்கி எந்த வாசல் வழியாகச் சந்தைக்கு வந்தது, எந்தக் காலத்தில் வந்தது என்பதற்கான தடயமும் அதில் இருக்கிறது. புதியவர்கள் இதைக் கவனிக்காமல் ஸ்கோப்பையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஸ்கோப் ஐந்து நிமிடத்தில் கழன்று வரும் பொருள்.

இங்கே முதல் எதிர்ப்பு வரும். ‘குழல் மாறியிருக்கிறது, ஸ்கோப் மாறியிருக்கிறது, அப்படியானால் இது அசல் அல்லவே’ என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராணுவக் கிடங்கில் கிரீஸ் தடவி வைத்த துப்பாக்கி வேறு, பயிற்சிக்காக வாரந்தோறும் சுட்ட போலீஸ் துப்பாக்கி வேறு. குழல் தேய்ந்தால் மாற்றுவதும், காலம் மாறும்போது ஸ்கோப்பை மாற்றுவதும் ஆயுதக் கிடங்குக்காரரின் கடமை. பின்னாளைய குழல் ஒன்று முறையான முத்திரையோடு இருந்தால், அந்தத் துப்பாக்கி உண்மையிலேயே வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ‘சரியான’ பழைய பாகத்தைத் தேடிப் பொருத்துகிறவன் வரலாற்றை மீட்கவில்லை, அழிக்கிறான். எப்போது மாறியது, யார் மாற்றியது என்று எழுது. பழைய நிலைக்குக் கொண்டுபோகச் சொல்லி யாருக்கும் ஆலோசனை தராதே.

அடுத்தது காகிதம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் 43 வட்டாரப் போலீஸ் படைகள் உண்டு. ஒரே தேசியப் போலீஸ் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு படையும் தன் ஆயுதத்தைத் தானே வாங்கியது, தன் பதிவேட்டைத் தானே வைத்துக்கொண்டது. 1974இல் உள்ளாட்சி எல்லைகள் திருத்தப்பட்டபோது பல படைகள் உருமாறின. என்ஃபீல்டு தொழிற்சாலையோ 1988இல் மூடப்பட்டது. எனவே 767 துப்பாக்கிகளும் எங்கே போயின என்று சொல்லும் ஒரே பேரேட்டை எதிர்பார்க்காதே. மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும், லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், லீட்ஸில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தின் பராமரிப்பில் இருக்கும் தேசியத் துப்பாக்கி மையத்திலும் துண்டு துண்டாகத் தேட வேண்டும். பிரிட்டனின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் படைகளுக்கு விண்ணப்பிக்கலாம். பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கவும் அவர்களுக்கு வழி உண்டு. விண்ணப்பத்தில் ‘இந்தத் துப்பாக்கி இன்ன நிகழ்வில் இருந்ததா’ என்று கேட்காதே. ‘இந்த ஆண்டுகளில் இந்த வகைத் துப்பாக்கி எத்தனை வாங்கப்பட்டது, எப்போது கழிக்கப்பட்டது’ என்று கேள். சின்னக் கேள்விக்குப் பதில் வரும்.

காகிதம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் எண்ணிவிடாதே. இதில் நம் மண்ணின் அனுபவமே போதும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சிலை வெகுகாலத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காட்டும் பூர்வீகப் பத்திரங்கள் கூடவே வந்திருந்தன. எல்லாம் போலி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில், 1990களில் அதே சிலை கோயிலுக்குள் இருக்கும் புகைப்படம் கிடைத்தது. 2014இல் சிலை திரும்பி வந்தது. விற்பனைக்காக எழுதப்பட்ட காகிதம் தோற்றது. விற்பனையைப் பற்றி எண்ணமே இல்லாமல் ஆய்வுக்காக எடுத்த படம் வென்றது. துப்பாக்கிக்கும் இதுவே அளவுகோல். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அது எப்போது, யாருக்காக எழுதப்பட்டது என்று பார். கிடங்குக்காரர் எண்ணெய் விரலோடு எழுதிய பழுதுப்பதிவின் ஒரு வரி, விற்பனையன்று அச்சடித்த அழகான சான்றிதழைவிடக் கனமானது.

மூன்றாவது, வாய்மொழி. இங்கேதான் வலுவான எதிர்ப்பு எழும். ‘பதிவேடுகள் அழிந்துவிட்டன, ஓய்வுபெற்ற அதிகாரியின் நினைவுதான் மிச்சம், அதையும் தள்ளிவிட்டால் எதை எழுதுவது?’ நியாயமான கேள்வி. தள்ளச் சொல்லவில்லை, பிரிக்கச் சொல்கிறேன். அந்த அதிகாரி தன் கண்ணால் கண்டிருக்கக்கூடியது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது, பின்னால் பத்திரிகையில் படித்து நினைவோடு கலந்தது எது என்று தனித்தனியாக எழுது. படத்தையும் வரிசை எண்ணையும் முதலில் காட்டிவிட்டால் அவர் நினைவு அதற்கேற்ப வளைந்துவிடும். எனவே முதலில் கேள்: கட்டையில் படையின் அடையாள எண் எந்தப் பக்கம் இருந்தது, எந்த ஸ்கோப், பயிற்சி எவ்வளவு தூரத்தில். பதில்களைக் குறித்துக்கொண்ட பிறகு துப்பாக்கியின் படத்தைக் காட்டு. ‘படையில் இந்த வகைத் துப்பாக்கி இருந்தது’ என்பதற்கு அவர் நல்ல சாட்சி. ‘இந்த எண்ணுள்ள துப்பாக்கிதான்’ என்பதற்கு அவர் எண்ணை அன்றே குறித்துவைத்திருந்தால் ஒழியச் சாட்சி அல்ல. வகைக்கும் தனிப்பொருளுக்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தில்தான் பெரும்பாலான பூர்வீகக் கதைகள் விழுகின்றன.

அந்தப் பள்ளத்தை ஏன் நிரப்பக்கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே முக்கியம். சேகரிப்பாளர் விரும்புவது சுட்ட கதை. போலீஸ் ஸ்னைப்பர் துப்பாக்கியின் உண்மை வரலாறு பெரும்பாலும் சுடாத கதை. 1966 ஆகஸ்ட் 12 அன்று லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் மூன்று போலீஸ்காரர்கள் கொல்லப்பட்ட பிறகே மாநகரப் போலீஸ் தனக்கென ஆயுதப் பயிற்சிப் பிரிவை அமைத்தது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக் பணயக்கைதிகளை மீட்கப் போன ஜெர்மன் போலீஸ், ஃபூர்ஸ்டன்ஃபெல்ட்புரூக் விமானத்தளத்தில் ஸ்கோப்கூட இல்லாத துப்பாக்கிகளோடு ஐந்தே பேரை நிறுத்தியது. அந்தத் தோல்வி ஐரோப்பாவெங்கும் போலீஸ் படைகளை உலுக்கியது. என்ஃபோர்சர் போன்ற துப்பாக்கிகள் எந்தக் காலத்தின் பிள்ளைகள் என்பது இதிலிருந்து தெரியும். ஜன்னலைப் பார்த்தபடி மணிக்கணக்கில் படுத்திருந்து, கடைசியில் சுடாமல் எழுந்து வருவதுதான் அவற்றைப் பிடித்தவர்களின் வேலை. அந்தக் காத்திருப்பைப் பதிவேடு ‘எடுத்தது’, ‘திருப்பிக் கொடுத்தது’ என்று இரண்டு கையெழுத்துகளாக மட்டுமே காட்டும். அந்த வெற்றிடத்தில் ஒரு தோட்டாவைக் கற்பனையாகப் பாய்ச்சுகிறவன், யாரோ ஒருவரின் சாவையும் கற்பனையாக எழுதுகிறான். அந்தச் சாவுக்குப் பெயரும் குடும்பமும் உண்டு.

‘கொல்லும் கருவிக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு’ என்பவர்களுக்கும் இதுவே என் பதில். அரசு தன் குடிமகனைச் சுடும் அதிகாரத்தை யாரிடம், எந்த நிபந்தனையோடு கொடுத்தது என்பதற்கு இந்தத் துப்பாக்கிகள் சான்றுப்பொருள்கள். அவற்றைப் பற்றிய பொய், அந்த அதிகாரத்தைப் பற்றிய பொய். கூடவே ஓர் எச்சரிக்கை: இன்றைய உரிமையாளரின் பெயரையோ இருப்பிடத்தையோ எங்கும் எழுதாதே. பிரிட்டனில் இது சான்றிதழோடு மட்டுமே வைத்திருக்கக்கூடிய பொருள். திருடனுக்கு நீ முகவரி தரக்கூடாது.

உன் குறிப்பு இப்படி இருக்கட்டும்: துப்பாக்கி என்ஃபோர்சர்தான், இன்னின்ன பொறிப்புகளால் உறுதி. குழல் மாற்றப்பட்டது, முத்திரையால் காலம் தெரிகிறது. இந்தப் படையிடம் இருந்ததற்குக் கழிவுப்பதிவு சான்று. எந்த நிகழ்விலும் பங்கேற்றதற்குச் சான்றில்லை. கடைசி வரியை எழுதத் தயங்காதே. உரிமையாளர் முகம் சுளிக்கலாம், விலை குறையலாம். நாளைக்கு ஒரு காப்பகப் பெட்டி திறந்து உண்மையான பதிவேடு வெளிவந்தால், அதை எழுத இடம் விட்டுவைத்தவன் நீயாக இருப்பாய்.

யாராவது உன்னிடம் பால்கம் தெரு முற்றுகையைப் பற்றிச் சொல்லி, ‘அங்கே இருந்த துப்பாக்கி இது’ என்று ஒன்றை நீட்டினால், அந்த முற்றுகை எப்படி முடிந்தது என்பதை நினைத்துக்கொள். 1975 டிசம்பர் 6 முதல் 12 வரை லண்டனில் ஆயுதமேந்திய போலீஸ் அந்த வீட்டைச் சூழ்ந்து நின்றது. கடைசி நாளில், உள்ளே இருந்த நான்கு ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) ஆட்களும் சரணடைந்தார்கள். பணயமாகப் பிடிக்கப்பட்டிருந்த கணவனும் மனைவியும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

அன்புடன்,
உன் மூத்த தோழன்