உமணர் வண்டியும் ஆற்றுப்படை வழியும்

கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் சென்று, பின்னர் மேற்கே திரும்பி மலைநாடு கண்டு மீளும் பயணம் ஒன்றினைக் குறித்து, எம் வகுப்பு மாணவர் சிலர் இவ்வாண்டின் தொடக்கத்தே கூடி ஆராய்ந்தோம். படுக்கையும் அடுப்பும் அமைந்த, வீடு போன்றதோர் ஊர்தியை வாடகைக்குப் பெறல் வேண்டும் என்றார் நண்பர் ஒருவர். மேனாட்டார் அதனைக் 'காரவன்' என வழங்குவர் என்றும், அது நம் நாட்டிற்கு முற்றிலும் புதியதென்றும் அவரே கூறினார். அது புதியதன்று என்று காட்டுதலே யாம் இக்கட்டுரை எழுதப் புகுந்ததன் முதற் காரணம்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வாணிகராகிய உமணரின் வண்டி விரிவாகப் பேசப்படுகின்றது. அதன் மேல் ஆரைப் புல்லால் வேய்ந்த கூரை உண்டு. வாயிலில் கோழிகள் உறங்குங் கூடு உண்டு. இளம்பிடியின் முழந்தாள் போன்ற சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். முன்புறத்தே காடி வைத்த பானை கயிற்றாற் பிணிக்கப்பட்டிருக்கும். அவ்வண்டியில் மகவையுடைய தாய் அமர்ந்து எருதுகளை ஓட்டுவாள். ஆடவர் உடன் நடப்பர். கூரை, கூடு, உரல், பானை, குழந்தை எல்லாம் ஒருங்கே செல்லும் வண்டியை வீடு என்னாது வேறென் சொல்வது? அச்சு முறியுமென்று அஞ்சிய உமணர், வேறோர் அச்சினையும் வண்டியின் கீழ்மரத்திற் கட்டிச் செல்வர் என்பது புறநானூற்று 102ஆம் பாட்டால் அறியப்படும். அதற்குச் 'சேம அச்சு' என்பது பெயர்.

இனி, கடப்பாக்கத்திற்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்பினைக் கூறுதும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரங் கடந்து தெற்கே செல்வார், கடப்பாக்கத்தை அடைந்தவுடன் ஆலம்பரைக் கோட்டையைக் காண விரைவர். அது 1750இல் முசாபர் சங்கினால் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்கு அளிக்கப்பட்டது. 1760இல் ஆங்கிலேயர் கைப்பட்டது. இடிந்த செங்கற் சுவரும், உப்பங்கழியும், அப்பாற் கடலும் காணத்தக்கனவே. ஆயினும் அப்பகுதியின் பெயர் இடைக்கழிநாடு என்பதனையும், சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்பதனையும் அங்கு வருவாருள் எத்துணையர் நினைவர்? கடப்பாக்கத்திற் பிறந்த எம் வகுப்புத் தோழர் ஒருவர், தாம் கல்லூரிக்கு வந்த பின்னரே இதனை அறிந்ததாகச் சற்று வருத்தத்துடன் கூறினார்.

நத்தத்தனாரும் உமணரை மறந்தாரில்லை. உமணர் வண்டிகளோடு கூடவே வந்த மந்தி ஒன்று, கிளிஞ்சிலின் வயிற்றுள் முத்தினை இட்டு, உமட்டியர் பெற்ற சிறுவரோடு கிலுகிலுப்பை ஆடுவதாகக் கொற்கையை வருணிக்குமிடத்துப் பாடுகின்றார். உப்பளம் நிறைந்த மரக்காணத்தை அடுத்த நாட்டிற் பிறந்த புலவருக்கு உமணர் வண்டி நாள்தோறுங் கண்ட காட்சியாதல் கூடும் என்பது எம் கருத்து.

ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படுவானுக்கு வழி கூறுதல். தான் நடந்து கண்ட வழியையே கூறுகின்றான் என்பதே இவ்விலக்கிய வகையின் உயிர். 269 அடிகளையுடைய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைத் தொலைவினால் அளவாது, உணவினால் அளக்கின்றது. எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர். அங்கே அலைகள் ஒதுக்கிய மணமுள்ள மரங்கள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கும், அவையே விறகு. வேலூரில் எயினர் குடிலிற் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும். பின்னர்க் கிடங்கில், அஃது இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்தது. (தேறலை எம் விடுதித் தலைவர் ஒப்பாராதலின், எம் திட்டத்தில் அதனை இளநீராக மாற்றினோம்.)

மலைவழிக்கு மலைபடுகடாமே துணை. 583 அடிகளையுடைய அப்பாட்டு, நன்னனது செங்கண்மாவிற்கு, அஃதாவது இன்றைய செங்கத்திற்குக் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. இஃது இனியனவற்றை மட்டும் கூறி மயக்குவதன்று. தினைப்புனத்து வழியிற் பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்குமாதலின் விடிந்த பின்னரே செல்லுக என்கின்றது. யானையை ஓட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் உம்மேற் படாதவாறு மரங்களின் மறைவிற் செல்லுக என்கின்றது. வழுக்கும் கரையிற் கொடியையும் வேரையும் பற்றுக என்கின்றது. வழி பிரியுமிடத்தைத் துடைத்து, பின்வருவார் அறியப் புல்லை முடிந்திடுக என்பது எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த அறிவுரை. இப்பாட்டுகளை வெறும் புகழ்ச்சி என்று தள்ளுவார் உளர். புகழ்ச்சி உண்டு, ஆயினும் கவண்கல்லைப் பற்றிக் கூறுதலால் நன்னனுக்கு என்ன புகழ்?

இவற்றையெல்லாம் நூலில் மட்டும் கற்றோமில்லை. முந்திய ஆண்டில் எம்முட் சிலர் ஒரு சிற்றூர்தியிற் புதுவை நோக்கிச் சென்றபோது, மரக்காணத்திற்கு அணித்தே இரவிற் சக்கரம் வெடித்தது. மாற்றுச் சக்கரம் இருந்தது, அதிற் காற்றில்லை. ஐப்பசி மழை கொட்டியது. எம் கையிலிருந்த தாளில் ஊர்ப்பெயர்களும் கிலோமீட்டர்களும் அழகாக எழுதப்பட்டிருந்தன. அவை எமக்கு ஒன்றும் செய்யவில்லை. உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்று எம்மைத் தம் குடிசைக்குள் அழைத்துச் சோறும் கருவாட்டுக் குழம்பும் தந்தது. "இந்த மாசத்துல யாருய்யா இந்தப் பக்கம் வருவா?" என்று அவ்வீட்டுப் பாட்டியார் கேட்டதற்கு யாம் விடை கூற இயலாது விழித்தோம்.

ஆதலின் இம்முறை திட்டத்தை வேறு வகையில் வகுத்தோம். வடகிழக்குப் பருவமழை நீங்கிய மாசி மாதம் குறிக்கப்பட்டது. முதல் இரவு கடப்பாக்கம். எம் தோழரின் தந்தையார் கடலுக்குச் செல்பவராதலின் மீனுக்குக் குறைவில்லை. அடுத்து மரக்காணம், அப்பாட்டியாரைக் காணாமற் செல்லலாகாது. பின்னர்த் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியே செங்கம். பாட்டிற் கூறும் நவிரமலை எனக் கருதப்படும் பருவதமலையில் ஏறுவதற்குப் பகற்பொழுதே வைத்தோம். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே தொலைவு எழுதியதோடு, அங்கு முன்னர்ச் சென்று வந்தவர் யார் என்பதனையும் எழுதினோம். செங்கத்திற்கு எதிரே மட்டும் ஒருவர் பெயரும் இல்லை. அங்கே பெருங்கௌசிகனார் என்று எழுதிவைத்தோம்.

ஊர்தியின் உரிமையாளர் படுக்கையின் மென்மையையும் குளிர்ச்சிப் பெட்டியையும் காட்டத் தொடங்கினார். யாம் அவரை இடைமறித்து, சேம அச்சு எங்கே என்று வினவினோம். அவர் விழித்தார். சேமச் சக்கரம் என்று திருத்திக் கேட்டோம். கட்டிலின் அடியிலிருந்து இழுத்துக் காட்டினார். எம்முள் ஒருவர் குனிந்து, அதிற் காற்று உண்டா என்று கையால் அழுத்திப் பார்த்தார்.