தடுக்கத் தெரியும், எறியத் தெரியாது

என் மகன் பாடசாலைக் கூடைப்பந்தாட்ட அணியில் கார்ட். எதிரணியின் கெட்டிக்காரனைக் கட்டிப்போட்டுவிடுவான். ஆனால் எறிந்தால் பந்து கூடைக்குள் விழாது. கோச் பாதி நேரம் வாங்கில் உட்கார வைக்கிறார். இது நியாயமா?
– ஒரு தகப்பன், பசறை

பாதி நியாயம், ஐயா. எறியத் தெரியாதவனை எதிரணி காவல் காக்காது. அவனுக்குரிய ஆளும் கூடையடியில் வந்து நின்று மற்ற நால்வருக்கும் வழியை அடைப்பான். 2017இல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தாட்டத்தில் ஒக்லஹோமா சிட்டி அணியின் ஆந்த்ரே ராபர்சனுக்கு இதைவிட மோசம். தடுப்பில் புலி. ஃப்ரீ த்ரோவும் விழாது என்று ஹூஸ்டன் அணி வேண்டுமென்றே அவரை ஃபவுல் செய்தது. ஒரே ஆட்டத்தில் 12 ஃப்ரீ த்ரோவில் இரண்டுதான் விழுந்தன.

மகனுக்குக் காட்ட வேண்டியவர் சான் அன்டோனியோவின் புரூஸ் போவன். அவரும் தடுப்பாட்டக்காரர்தான். எங்கிருந்தும் எறியவேண்டும் என்று ஆசைப்படாமல் மூலையில் போய் நின்றார். 2002-03இல் மூன்று புள்ளி எறிதலில் 44 சதவீதம், என்பிஏயிலேயே முதலிடம். அதே பருவத்தில் ஃப்ரீ த்ரோ 40 சதவீதம்தான் என்பது வேடிக்கை! அணி அந்த வருடம் சாம்பியன்.

மூலையில் மூன்று புள்ளிக் கோடு கூடைக்குக் கொஞ்சம் கிட்ட. சர்வதேச அளவுப்படி மற்ற இடங்களில் 6.75 மீற்றர், மூலையில் 6.60. பின்னேர மழை பிடிக்குமுன் தம்பி அந்த இரண்டு மூலைகளில் மட்டும் பழகட்டும். பந்து கையில் இல்லாதபோது சும்மா நிற்காமல் கூடையை நோக்கி ஓடட்டும்.

நீங்கள் கோச்சிடம் சண்டைக்குப் போகவேண்டாம். அவன் களத்தில் இருக்கும்போதும் வாங்கில் இருக்கும்போதும் இரு அணிகளும் எடுத்த புள்ளிகளை ஒரு கொப்பியில் தனித்தனியே எழுதுங்கள். நாலைந்து ஆட்டம் போனதும் அதைக் காட்டிப் பேசுங்கள்.