ஒரு ரூபாய்க்கு மார்க் போடுவது எப்படி?

நமக்கு செமஸ்டருக்கு செமஸ்டர் மார்க் போடுகிறார்கள். பழைய நாணயத்துக்கும் மார்க் உண்டு என்று எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது.

முதல் வருஷ பீஸுக்குப் பணம் குறைந்தபோது எங்கள் ஆயா சுருக்குப்பையிலிருந்து ஒரு வெள்ளி ரூபாயை எடுத்துக் கொடுத்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1918 ரூபாய். கறுத்துக் கிடந்தது. நல்ல விலை போகட்டுமே என்று பல்பொடி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோனேன். பழைய காசு வாங்குகிறவர் லென்ஸில் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி தேய்ச்சே? இனி இதுக்கு வெள்ளி விலைதான்" என்றார். விற்க மனசு வரவில்லை. பீஸை அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார். அன்று தெரிந்துகொண்டதும் பிறகு படித்ததும் இதோ.

தரம் என்பது பளபளப்பு இல்லை, தேய்மானம். அச்சில் அடித்தபோது இருந்த உருவத்தில் இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். மேடான இடம்தான் முதலில் தேயும். ஜார்ஜ் ரூபாயில் கிரீட வேலைப்பாடு, காது, மீசை, அங்கியில் உள்ள குட்டி யானை ஆகியவற்றைப் பாருங்கள். (1911ல் அந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. 1912ல் திருத்தினார்கள். 1911 ரூபாய்க்கு அதனாலேயே தனி மவுசு!)

தரத்தின் பெயர்கள்தான் ஆளை ஏமாற்றும். அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் அந்நாட்டுப் பழைய செம்பு சென்ட்டுகளுக்காக 1949ல் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். அதில் 'குட்' என்றால் வெறும் 4! உருவத்தின் ஓரக்கோடு மட்டும் தெரியும் காசு அது. 'ஃபைன்' 12, 'வெரி ஃபைன்' 20, 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' 40. புழக்கத்துக்கே போகாத காசுக்கு 60லிருந்து 70 வரை. நம் ஊர் வியாபாரிகள் பெரும்பாலும் எண்ணை விட்டுப் பெயரையே சொல்கிறார்கள்.

சரி, நான் செய்த தப்பு என்ன? வெள்ளியின் கறுப்பு, சில்வர் சல்பைடு என்ற மெல்லிய படலம். இயற்கையாகப் படிந்தால் அதை 'டோனிங்' என்று மதிக்கிறார்கள். பல்பொடி அதோடு உலோகத்தையும் கொஞ்சம் சுரண்டிவிடும். ஒர்க்‌ஷாப்பில் எமரி ஷீட் போட்ட வேலைப்பொருளில் விழுமே, அதே கோடுகள் லென்ஸில் தெரியும். போன உலோகத்தை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

தரத்தோடு மற்ற விவரங்களையும் சொல்ல வேண்டும். எந்த ஆலை? பின்பக்கம் அடியில் உள்ள தாமரைக்குக் கீழே புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. எடை புதிதில் 11.66 கிராம். காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தழும்பு இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். விட்டம் அளக்கிறேன் என்று வெர்னியர் தாடையை இறுக்காதீர்கள், கீறிவிடும்.

ஆயாவின் ரூபாயைக் கவரில் போட்டு மேலே எழுதினேன்: "1918, பம்பாய், வெரி ஃபைன், தேய்த்தது." எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்ட ஆயா, "வெளுத்தா நல்லதுதானேடா?" என்றது.