மூக்கு சொல்லும் பொய்

சென்னையில் பேருந்து கூவம் பாலத்தில் ஏறியதும் ஜன்னலோரப் பயணிகளின் கை மூக்குக்குப் போகும். பாலம் இறங்கியதும் கை இறங்கிவிடும். நோய் நாற்றத்தில் இருக்கிறது, நாற்றத்தைக் கடந்தால் நோயையும் கடந்தாயிற்று என்ற நம்பிக்கை அந்தக் கையில் இருக்கிறது. ஆற்றில் கலக்கும் கழிவுநீரைப் பற்றி நம்மிடையே புழங்கும் தவறான எண்ணங்களில் பல இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை. ஆகவே இதிலிருந்தே தொடங்குவோம்.

“நாத்தம்தான் சார் வியாதியே”

கூவத்தின் நாற்றத்துக்கு முக்கியக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்த பிறகு, அது இல்லாமலே பிழைக்கத் தெரிந்த நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னத் தொடங்கும். அப்போது கிளம்புவதுதான் இந்த அழுகிய முட்டை வாடை. பாலத்தின் மேல் வீசும் அளவில் அது தலைவலி தரும், குமட்டும், கண்ணை எரிக்கும். கரையில் குடியிருப்பவர்களுக்கு அன்றாட அவதி. ஆனால் காலராவையும் டைபாய்டையும் காமாலையையும் அந்த வாயு சுமந்து வருவதில்லை.

அதே வாயு மூடிய மேன்ஹோலுக்குள் தேங்கினால் சில மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அங்கே மூக்கை நம்புவது இன்னும் மோசம். அடர்த்தி கூடியதும் முகரும் நரம்பு மரத்துப்போய், வாடையே தெரியாது. ‘வாடை இல்லை, இறங்கலாம்’ என்று தோன்றும் நொடியில் சாவு மிக அருகில் இருக்கக்கூடும். பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னும் இந்தச் சாவுகள் நின்றபாடில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனும் நாற்றமே நோய் என்று நம்பிய ஊர்தான். 1854-இல் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், பிராட் தெருவின் ஒரு குடிநீர்ப் பம்பைச் சுற்றிக் காலராச் சாவுகள் குவிந்திருப்பதைக் காட்டி, நோய் தண்ணீர் வழியாக வருகிறது என்றார். பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றம் தாங்காமல்தான் நாடாளுமன்றம் பாதாளச் சாக்கடைக்குப் பணம் ஒதுக்கியது. காரணம் தவறு, வேலை சரி; காலரா ஒழிந்தது. நமக்கு அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கவில்லை. நாற்றத்துக்குப் பயந்து நாம் செய்வதெல்லாம் ஜன்னலைச் சாத்துவது.

“கூவம் பொறந்ததிலிருந்தே சாக்கடைதான்”

திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. திருவிற்கோலம் என்று தேவாரம் பாடிய சிவத்தலம் அங்கேதான். கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றிலிருந்து பிரிந்தும், ஏரிகளின் உபரிநீரை வாங்கிக்கொண்டும் வரும் இந்த ஆற்றின் நீளம் சுமார் 72 கி.மீ. அதில் பாதிக்கு மேல் வயலும் கிராமமுமாகத்தான் கழிகிறது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் மிகக் குறைவு. நகரத்துக்குள் கூவமாக ஓடுவது நாம் திறந்துவிட்ட தண்ணீர்.

எவ்வளவு மோசம் என்பதற்கு ஓர் எண் போதும். தண்ணீரில் உள்ள கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பது ஓர் அளவுகோல். குளிக்கத் தகுந்த ஆற்றில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கையில், ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்துக்கு அது 345. நாட்டின் மாசடைந்த ஆற்றுப்பகுதிகளில் முதலிடம். வீட்டுச் சாக்கடைத் தண்ணீருக்கே வழக்கமாக 200 முதல் 300 வரைதான் வரும்.

கடலாவது அள்ளிக்கொண்டு போகட்டும் என்றால், அதற்கும் வழியை அடைத்துவிட்டோம். நம் கரையில் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். துறைமுகம் கட்டியதும் அந்த மணல் தெற்கே தங்கியது. மெரினா அகன்றது, கூவத்தின் முகத்துவாரத்தில் மணல்திட்டு எழுந்தது. அதை வெட்டிவிட்டால் திரும்பவும் மூடிக்கொள்ளும். மெரினாவில் காற்று வாங்குகிறவர்களும் கூவத்தில் தேங்கும் சாக்கடையும் ஒரே பொறியியல் வேலையின் பலன்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

“எல்லாம் கரையோரக் குடிசைங்களாலதான்”

நான் கேட்டவற்றிலேயே அதிகம் எரிச்சலூட்டுவது இந்தப் பேச்சு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு வரும் தண்ணீரில் 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் கொடுக்க வேண்டும் என்பது அரசு விதிமுறை. அப்படியானால் அடுக்குமாடியில் வசிக்கும் ஒருவரிடமிருந்து தினம் நூறு லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகிறது. லாரிக்குக் காத்திருந்து குடத்தில் பிடித்து வந்து புழங்கும் ஒருவர் அந்த அளவை எப்படி வெளியேற்ற முடியும்? கழிப்பறை இல்லாத கரையில் மலம் நேராக ஆற்றில் சேர்வதால் கிருமி கூடுவது உண்மை. கழிப்பறை கட்டித் தந்திருக்க வேண்டியவர்கள் யார் என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி.

பெருமளவு கழிவு வேறு வழியாக வருகிறது. மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாக இணைத்த வீட்டு, ஓட்டல், வணிக வளாகக் குழாய்கள். அடைத்துக்கொண்டு வழியும் மேன்ஹோல்கள். மின்சாரம் போனால் உந்து நிலையத்திலிருந்து பொங்கும் கழிவு. இரவில் ஓடைக்கரையில் ஹோஸைப் போட்டுவிட்டுப் போகும் செப்டிக் டேங்க் லாரிகள். உங்கள் தெருவில் மே மாதத்து வெயிலிலும் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறதென்றால், அது என்ன தண்ணீர் என்று கேட்டுப் பாருங்கள். கூவம் சீரமைப்பின் பெயரால் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். வேலையும் பள்ளியும் இருந்த இடத்தைவிட்டு அவர்கள் போனார்கள். குழாய்கள் அங்கேயே இருக்கின்றன.

தொழிற்சாலையைக் கைகாட்டுவது சில ஆறுகளில் சரி. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றி உச்சநீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்புச் சொன்னது. கூவத்தில் அப்படிக் கைகாட்டித் தப்ப முடியாது.

“ஓடுற தண்ணி தானா சுத்தமாயிடும்”

பாதி உண்மை. ஓடும் ஆறு காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கும், கழிவு கரையும், வெயில் கிருமிகளைக் கொல்லும். அமெரிக்காவின் ஓஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டரும் பெல்ப்ஸும் 1925-இல் இதைச் சமன்பாடாகவே எழுதி வைத்தார்கள். ஆனால் ஆறு மூச்சு வாங்கி நிமிர்வதற்குத் தூரம் வேண்டும், ஓட்டம் வேண்டும். அதற்குள் அடுத்த ஊரின் சாக்கடை வந்து விழுந்துவிடுகிறது.

தாமிரபரணியைப் பாருங்கள். பொதிகையில் பிறந்து வற்றாமல் ஓடுகிறது. கண்ணுக்குத் தெளிவு, மூக்குக்கு உறுத்தல் இல்லை. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள்; அது கண்ணில் படுவதால் பேசப்படுகிறது. திருநெல்வேலியின் கழிவுநீர் கலப்பது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. ஆற்றுக்குள்ளேயே உறைகிணறு இறக்கி ஊர் ஊராகக் குடிநீர் எடுக்கிறோம். தூத்துக்குடிக்கும் இதே ஆறுதான். மணல்தான் இயற்கையான வடிகட்டி என்று சொல்லிக்கொண்டே அந்த மணலையும் அள்ளினோம். வாரியம் 2018-இல் வெளியிட்ட மாசடைந்த ஆறுகளின் பட்டியலில் தாமிரபரணியும் காவிரியும் பவானியும் இருந்தன.

இங்கேதான் மூக்கின் பொய் முழுதாகத் தெரிகிறது. கூவத்தில் யாரும் முங்குவதில்லை, வாய் கொப்பளிப்பதில்லை. தாமிரபரணியில் எல்லாம் செய்கிறோம். மலக்கிருமிக்கு நிறமும் மணமும் கிடையாது. குளிக்கும் தண்ணீரில் 100 மில்லிக்கு 500 வரை இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது என்பது வாரியத்தின் அளவு. அதைப்போலப் பல மடங்கு இருந்தாலும் தண்ணீர் பளிங்காகவே தெரியும். ஒருவரின் உடலுக்குள் போகும் அளவை வைத்துப் பார்த்தால், நாறும் ஆற்றைவிட நம்பிக் குளிக்கும் ஆற்றில்தான் நமக்குக் கவனம் அதிகம் வேண்டும்.

“அதான் சுத்திகரிப்பு நிலையம் இருக்கே”

வாரியத்தின் 2020-21 கணக்குப்படி, நாட்டின் நகரங்களில் ஒரு நாளைக்கு உண்டாகும் கழிவுநீர் 7,236.8 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023.5 கோடி லிட்டர். மீதி எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. நிலையத்துக்கு வந்து சேர்ந்த தண்ணீரிலும், கடைசியில் கிருமிநீக்கம் ஒழுங்காகச் செய்யாவிட்டால் கிருமிகள் கணிசமாகத் தங்கிவிடும். 2011-இல் வந்த ஓர் ஆய்வு, டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-இல், வலுவான மருந்துகளையும் முறியடிக்கும் மரபணுவைக் கண்டது. அந்த மரபணுவுக்கு டெல்லியின் பெயரை வைத்ததற்குத்தான் நாம் அதிகம் கோபப்பட்டோம்.

“குளோரின் போட்டா எல்லாம் செத்துடும்”

இதற்கான பதிலும் டெல்லியில்தான் இருக்கிறது. 1955-இல் யமுனையின் வெள்ளம் வடிந்த பிறகு, நஜஃப்கர் ஓடையின் சாக்கடை பின்னோக்கி ஏறி, வசீராபாத் குடிநீர் நிலையம் தண்ணீர் எடுக்கும் இடம்வரை வந்துவிட்டது. பொறியாளர்கள் கவனித்தார்கள், படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். டைபாய்டு ஏறவில்லை, பேதி ஏறவில்லை. தப்பித்தோம் என்று நினைத்திருக்கும்போது, சில வாரங்கள் கழித்து, நகரத்தில் சுமார் 29,000 பேருக்குக் கண் மஞ்சளித்தது. பாக்டீரியாவுக்குப் போதுமாக இருந்த குளோரின் வைரஸுக்குப் போதவில்லை. கலங்கலும் கழிவும் நிறைந்த தண்ணீர் குளோரினைத் தானே விழுங்கிவிடும். கிருமிக்கு மிஞ்சுவது கொஞ்சம். சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பிற்காலத்தில் சோதித்துப் பார்த்துத்தான், அது இன்று ஹெப்படைடிஸ் ஈ என்று நாம் அழைக்கும் நோய் என்று அறிந்தார்கள்.

கொதிக்கவைப்பது வேறு. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் பாக்டீரியா, வைரஸ், அமீபா எல்லாம் போய்விடும். சூடாக்குவது மட்டும் போதாது. தோல் கழிவின் குரோமியமோ சாயக்கழிவின் உப்போ கொதியில் போகாது. தண்ணீர் சுண்ட அவை இன்னும் அடர்த்தியாகும்.

குடிப்பது கேன் தண்ணீர்தான் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பல் துலக்குவதும் கொத்தமல்லியை அலசுவதும் குழாய்த் தண்ணீரில்தான். நம் ஊர்க் குழாய்களில் தண்ணீர் சில மணி நேரமே வரும். நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாக வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். வெளியில் இருப்பது பெரும்பாலும் பக்கத்துச் சாக்கடையின் கசிவு. குழாயோடு நேராக மோட்டாரைப் பூட்டி உறிஞ்சும் வீடு தன் பங்குக்கு அதையும் சேர்த்தே உறிஞ்சுகிறது, தெருவுக்கே.

“காமாலைதானே, கீழாநெல்லி போதும்”

தண்ணீரால் வரும் வைரஸ் காமாலைகள் இரண்டு: ஹெப்படைடிஸ் ஏ, ஈ. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரங்களில் எதை அரைத்துக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் கிடைக்கும். சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லியைச் சோதித்து 1988-இல் லான்செட் இதழில் எழுதியது உண்மை. ஆனால் அது ரத்தத்தால் பரவும் ஹெப்படைடிஸ் பி-க்கு. அதிலும் பிற்காலச் சோதனைகள் அதே பலனைக் காட்டவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இந்த அலட்சியம் ஆளைக் கொல்லும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஹெப்படைடிஸ் ஈ வந்தால் நூற்றில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்மஞ்சளாக இறங்கினாலோ, சாற்றுக்காக மூன்று நாள் காத்திராமல், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தெருவில் இரண்டாவது வீட்டிலும் காமாலை என்று காதில் விழுந்தால், வார்டு சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிவதற்கு இரண்டு முதல் பத்து வாரம் ஆகும். ஆகவே இன்றைய தண்ணீரைச் சோதிப்பதோடு நிறுத்தாமல், அந்த வாரங்களில் தெருவில் எங்கே பள்ளம் தோண்டினார்கள், எந்த வீட்டுக் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் புகுந்து போகிறது என்று தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.